புளியங்கொட்டை எத்தனை, கண்ணு? – மூட்டுவாதம் உள்ள பிள்ளையின் வலியோடு வீட்டில் பழகுவது

என் மகளுக்கு மூட்டுவாதம் என்று தெரிந்தபோது அவளுக்கு 4 வயது. இப்போது 13. நான் கரூரில் ஒரு பெட்ஷீட், டவல் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். மருத்துவம் படித்தவள் கிடையாது. எந்த மருந்து, எவ்வளவு என்பதையெல்லாம் உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகு, விடிகாலையில் கால் ஊன்ற முடியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நான் நின்றிருக்கிறேன். அப்படி நிற்கும் இன்னொரு அம்மாவுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் விஷயம், வலி இருந்தால் பிள்ளை வாயால் சொல்லிவிடும் என்று காத்திருக்காதீர்கள். என் மகள் ஆரம்பத்தில் ஒரு நாளும் 'கால் நோவுது' என்று சொன்னதில்லை. காலையில் எழுந்ததும் தூக்கச் சொல்வாள். தூக்காவிட்டால் பாயிலிருந்து உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து வாசப்படி வரை வருவாள். 9 மணிக்கு மேல் தெருவில் மற்ற பிள்ளைகளோடு ஓடுவாள். ஓடுகிறவளுக்கு என்ன வலி, இது பிடிவாதம் என்று நினைத்து இரண்டு முறை அதட்டிவிட்டேன். அந்த இரண்டு காலைப்பொழுதுகளும் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. வலியோடுதான் எல்லாரும் தூங்கி எழுகிறார்கள் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது. அதற்கு வேறு உடம்பு தெரியாதே.

ஒரு கிளினிக்கில் காட்டினோம். 'வளர்ற வயசுல வர்ற வலிதான், தானா சரியாயிடும்' என்றார்கள். 4 மாதம் அதிலேயே போனது. இந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சி வலி சாயங்காலமோ ராத்திரியோ வரும், பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும், தேய்த்துவிட்டால் அடங்கும், காலையில் பிள்ளை ஒன்றும் நடக்காததுபோல எழுந்து ஓடும். மூட்டுவாதம் இதற்கு நேர்மாறு. காலையில்தான் மோசம். மூட்டு விறைத்துக்கொண்டு, நொண்டி நொண்டி நடந்து, அசைய அசையத்தான் இளகும். மூட்டு வீங்கியிருக்கும், தொட்டால் மற்ற காலைவிடச் சூடாக இருக்கும். இப்படி இருந்தால் நாள் கடத்தாமல் ருமட்டாலஜி டாக்டரிடம், அதாவது மூட்டுவாத நோய்களைப் பார்க்கும் டாக்டரிடம் போங்கள். நாங்கள் ஈரோடு போய் ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி.க்குப் போனோம். பாண்டிச்சேரி ஜிப்மரிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் இதற்கான பிரிவு இருக்கிறது.

16 வயதுக்குள் ஆரம்பித்து, 6 வாரத்துக்கு மேல் நீடித்து, வேறு காரணம் எதுவும் அகப்படாத மூட்டு அழற்சியைத்தான் ஜே.ஐ.ஏ. (ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ்) என்கிறார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டின் உள்சவ்வையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. நீங்கள் கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்டதாலோ, பிள்ளை பச்சைத் தண்ணீரில் குளித்ததாலோ வந்தது இல்லை. இதை உங்களுக்கு யாராவது அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

வலியை எண்ணக் கற்றுக்கொடுங்கள்

'வலிக்குதா?' என்று கேட்டால் பிள்ளைகள் 'இல்லை' என்றுவிடும். ஆமாம் என்றால் ஊசி வரும் என்று அதற்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் வேறு மாதிரி கேட்டார். மேசையில் 4 பிளாஸ்டிக் வில்லைகளை வைத்து, 'இது ஒண்ணுன்னா கொஞ்சூண்டு நோவு, நாலும்னா தாங்க முடியாத நோவு. இப்ப உன்கிட்ட எத்தனை இருக்கு?' என்றார். என் மகள் யோசித்துப் பார்த்து 3 வில்லைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அதுவரை எனக்குத் தெரியாத கணக்கு அது.

வீட்டுக்கு வந்ததும் 4 புளியங்கொட்டைகளைக் கழுவித் துடைத்து, பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைத்தோம். காலையில் எழுந்ததும் ஒருமுறை, ராத்திரி படுக்கும் முன் ஒருமுறை, 'எத்தனை, கண்ணு?' அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்காதீர்கள். முதல் வருடம் நான் மணிக்கொருதரம் கேட்டேன். பிசியோதெரபி மேடம்தான் நிறுத்தச் சொன்னார். விளையாட்டில் வலியை மறந்திருக்கும் பிள்ளையை நாமே கூப்பிட்டு ஞாபகப்படுத்துகிறோம் என்றார். உண்மைதான், கேட்பதைக் குறைத்ததும் அவள் முனகுவதும் குறைந்தது.

எண்ணிக்கையை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள். தேதி, காலை எத்தனை, ராத்திரி எத்தனை, விறைப்பு இளக எத்தனை நிமிஷம் ஆனது. டாக்டர் கட்டாயம் கேட்பது இந்த நிமிஷக் கணக்கைத்தான். 'போன மாசம் ஒரு மணி நேரம், இப்ப இருபது நிமிஷம்' என்று நோட்டைப் பார்த்துச் சொன்னால் மருந்து வேலை செய்கிறதா என்று அவருக்கு உடனே புரியும். எங்கள் நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது: ராத்திரி சரியாகத் தூங்காத மறுநாள் எப்போதும் ஒரு கொட்டை கூடியிருந்தது. வலி தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட தூக்கம் வலியைக் கூட்டும். அதன் பிறகு எங்கள் வீட்டில் 9 மணிக்கு டிவி கிடையாது, விருந்தாளி வந்திருந்தாலும் சரி.

காலை ஒரு மணி நேரம்

பள்ளி வேன் 8 மணிக்கு என்றால் பிள்ளையை 6 மணிக்கே எழுப்ப வேண்டும். அவசரப்படுத்தினால் அழுகைதான் மிச்சம். நாங்கள் செய்வது இது.

நல்ல கெட்டியான டர்க்கி டவல் இரண்டு வேண்டும். இதில் மட்டும் என் வேலை எனக்குக் கைகொடுத்தது. 500 ஜி.எஸ்.எம். டவல், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 500 கிராம் எடை இருக்கும் டவல், சூட்டைப் பத்து நிமிஷம் பிடித்து வைக்கும், மெல்லிசு டவல் பிழிந்து கொண்டு போவதற்குள் ஆறிவிடும். கடையில் கையில் தூக்கிப் பார்த்துக் கனமாக இருப்பதை எடுங்கள். சுடுதண்ணீரில் நனைத்து, சொட்டாமல் முறுக்கிப் பிழிந்து, உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுள்ளென்று இருந்தால் பிள்ளைக்கு வைக்காதீர்கள். இதமாக இருந்தால் முட்டியைச் சுற்றிப் போட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் தாள், அதன் மேல் காய்ந்த டவல். பிள்ளை படுத்தபடியே இருக்கட்டும்.

பத்து நிமிஷம் கழித்து எடுத்ததும், எழுந்து நிற்கச் சொல்லாமல் படுக்கையிலேயே அசைக்க வையுங்கள். பாதத்தை வட்டமாகச் சுற்றுவது. குதிகாலைப் பாயில் இழுத்துக்கொண்டே முழங்காலை மடக்கி நீட்டுவது. விரல்களை மொட்டுபோல மூடி, பூப்போல விரிப்பது. அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல். வாளிக்குள் ஒரு ஸ்பாஞ்சைப் போட்டு அதைப் பிழிந்து பிழிந்து விளையாட விடுங்கள். அவளுக்கு 6 வயதில் மணிக்கட்டிலும் விரல்களிலும் வந்தபோது, பிசியோதெரபிப் பயிற்சி பாதி அந்த வாளிக்குள்தான் நடந்தது.

சூடு விறைப்புக்கு. மூட்டு புசுபுசுவென்று வீங்கி, தொட்டால் சுடுகிறது என்றால் பல பிள்ளைகளுக்குக் குளிர்ச்சிதான் இதம்: ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 நிமிஷம், நேரடியாகத் தோலில் படாமல். எது பிடிக்கிறது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.

தலையணை விஷயம்

முழங்கால் வலிக்கிற பிள்ளை காலை மடக்கித்தான் படுக்கும். அப்போதுதான் அதற்கு இதமாக இருக்கும். அதைப் பார்த்து என் அம்மா பாசமாக முட்டிக்கு அடியில் தலையணை வைத்துவிடுவார். மூன்று மாதத்தில் அந்தக் கால் முழுதாக நீளாமல் போனது. அதைத் திரும்ப நீட்ட ஒரு வருடம் ஆனது. எனவே எவ்வளவு கெஞ்சினாலும் முட்டிக்கு அடியில் தலையணை வேண்டாம். டாக்டர் சொன்னால் ராத்திரிக்கு, காலை நீட்டியபடி பிடித்து வைக்கும் ஸ்ப்ளின்ட் கட்டுங்கள். பகலில் 20 நிமிஷம் குப்புறப் படுக்க வைத்து, முன்னால் ஒரு கோல நோட்டையோ கதைப் புத்தகத்தையோ கொடுங்கள். இடுப்பும் முழங்காலும் தானாக நீளும், பிள்ளைக்கு அது சிகிச்சை என்றே தெரியாது.

ஓடாதே, ஆடாதே என்று கட்டிப்போடாதீர்கள். அசையாத மூட்டு இறுகும், சுற்றியுள்ள சதை மெலியும், அதனால் வலி இன்னும் கூடும். சைக்கிளும் நீச்சலும் நல்லது, உடம்பின் பாரம் மூட்டில் அதிகம் இறங்காது. என் மாமனார் தோட்டத்தில் போர் தண்ணீர் விழும் ஒரு சிமென்ட் தொட்டி இருக்கிறது. காலையில் ரொப்பி வைத்தால் 3 மணிக்கு வெயிலில் தண்ணீர் இளஞ்சூடாகிவிடும். இடுப்பளவு தண்ணீரில் அவளோடு நானும் இறங்கி நிற்பேன். தரையில் பத்தடி நடக்க அழுதவள் தொட்டிக்குள் முப்பது சுற்று நடப்பாள்.

ஆனால் ஒரு கொட்டைகூட இல்லாத நல்ல நாளில்தான் கவனம் தேவை. அன்றைக்கு எல்லாவற்றையும் சேர்த்து ஆடித் தீர்த்துவிட்டு மறுநாள் 4 கொட்டையோடு படுக்கும். அரை மணி ஆட்டம், பத்து நிமிஷம் உட்கார்ந்து தண்ணீர், மறுபடி ஆட்டம். இந்தப் பழக்கம் பிடிபட எங்களுக்கு ரொம்ப நாள் ஆனது.

சனிக்கிழமை ஊசி

வலி மருந்தைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் கூடாது. டாக்டர் எழுதியது இருக்கும்போது கடையில் இன்னொரு வலி மாத்திரை வாங்கிச் சேர்க்காதீர்கள். டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் வேண்டாம். மூட்டு அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தைக் கொடுத்தால் அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள், எங்களுக்குச் சனிக்கிழமை. தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் அந்தக் கிழமையைச் சிவப்பில் சுழித்து, ஒரே ஆள் கையால் மட்டும் கொடுங்கள்.

அந்த மருந்து பல பிள்ளைகளுக்குக் குமட்டும். எங்கள் மகளுக்கு மாத்திரையின் மஞ்சள் நிறத்தைப் பார்த்தாலே வாந்தி வந்தது. அவளை மகிழ்விக்க நினைத்து அந்த ராத்திரிகளில் அவளுக்குப் பிடித்த எலுமிச்சை சாதம் செய்தேன். கடைசியில் அந்தச் சாதத்தையே வெறுத்துவிட்டாள். மருந்து நாளில் பிடித்த சாப்பாட்டைச் செய்யாதீர்கள், சாதாரண இட்லி போதும். வாந்தி எடுக்கிறது என்று நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். எங்களுக்கு மாத்திரையை மாற்றித் தோலுக்கடியில் போடும் ஊசி கொடுத்தார்.

ஊசிக்கு நாங்கள் கண்டுபிடித்த வழி இது. ஒரு மணி நேரம் முன்பே, டாக்டர் எழுதிக்கொடுத்த மரத்துப்போகும் களிம்பைத் தொடையில் தடவி மூடி வைக்கிறோம். எந்தத் தொடை, படுத்தா உட்கார்ந்தா, யார் மடியில் என்பதெல்லாம் அவள் முடிவு. போடுவதா வேண்டாமா என்பது மட்டும் அவள் முடிவு இல்லை. 'வலிக்காது' என்று சொல்ல மாட்டோம். ஒருமுறை பொய் சொன்னால் அடுத்த வாரம் நம்ப மாட்டாள். 'சுருக்குன்னு இருக்கும், பத்து எண்ணி முடிக்கிறதுக்குள்ள ஆயிடும்' என்போம். சின்னதாக இருந்தபோது திருவிழாக் கடையில் வாங்கிய சோப்பு நுரைக் குழலை அவள் வாயில் கொடுப்போம். நீளமாக ஊதினால்தான் பெரிய முட்டை வரும். நீளமாக ஊதும்போது தொடைச் சதை தானாகத் தளரும்.

இன்னொரு வேண்டுகோள். 'சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுடுவேன்' என்று எந்தப் பிள்ளையையும் பயமுறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாலும் நிறுத்துங்கள். வாராவாரம் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு அது தண்டனை ஆகிவிடக் கூடாது.

ராத்திரி வலி எடுக்கும்போது மருந்து வேலை செய்யும்வரை ஒரு அரை மணி நேரத்தைக் கடத்தியாக வேண்டும். மகளைப் படுக்க வைத்து, அவள் தொப்புளுக்கு மேல் ஒரு காகிதக் கப்பலை வைப்பேன். மூச்சு வயிற்றுக்குள் போனால் கப்பல் மேலே எழும்பும், விட்டால் மெல்ல இறங்கும். 'கப்பல் கவிழாம கரைக்கு வரணும்' என்பேன். பத்துப் பதினைந்து மூச்சில் தோளும் தாடையும் இளகுவதைக் கண்ணால் பார்க்கலாம். இதை வலி இல்லாத நாளிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள். அழுகையின் நடுவில் புதிதாகச் சொல்லிக்கொடுத்தால் எந்தப் பிள்ளையும் கேட்காது. கப்பல் அலுத்துப்போனால் விடுகதை, பாட்டுக்குப் பாட்டு. பல்லாங்குழி ரொம்பவே நல்லது, மனதும் விலகும், விரலுக்கும் வேலை.

வீட்டிலும் பள்ளியிலும்

குத்த வைத்து உட்காரும் கக்கூஸ் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுமை. வலிக்குப் பயந்து அடக்கி அடக்கி, மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். வெஸ்டர்ன் கட்ட வசதி இல்லாவிட்டால் நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி மேலே போடுங்கள். சம்மணம் போட்டுச் சாப்பிடக் கட்டாயப்படுத்தாதீர்கள். எவர்சில்வர் டம்ளருக்குப் பதில் கைப்பிடி வைத்த கப், பட்டனுக்குப் பதில் ஒட்டும் பட்டை, பென்சிலைச் சுற்றித் துணி சுற்றி ரப்பர் பேண்ட். இதெல்லாம் குறைந்த செலவில் முடியும்.

சொந்தக்காரர்கள் எண்ணெய் கொண்டுவருவார்கள். மேலாகத் தடவுவதில் தப்பில்லை. வீங்கிய மூட்டை இழுத்து நீவி, சொடுக்கு எடுக்க விடாதீர்கள். பெயர் எழுதாத பொட்டலத்துச் சூரணமும் வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், முதலில் அற்புதமாகக் கேட்கும், பின்னால் உடம்பைக் கெடுக்கும். 'கத்தரிக்காய் ஆகாது, முட்டை ஆகாது' என்பார்கள். எங்கள் டாக்டர் எதையும் விலக்கச் சொல்லவில்லை. பாலும் முட்டையும் கட்டாயம் கொடுக்கச் சொன்னார்.

பள்ளியில் மிகவும் வலித்தது டீச்சர் ஒருவர் கேட்ட ஒரு கேள்வி: 'நேத்து ஓடினியே, இன்னைக்கு என்ன நடிப்பு?' அன்று மகள் வீட்டுக்கு வந்து புளியங்கொட்டை டப்பாவைத் தூக்கி எறிந்தாள். மறுநாள் நான் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போய்த் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். இந்த நோய் நாளுக்கு நாள் மாறும், காலையில் மோசமாகவும் மதியம் நன்றாகவும் இருக்கும் என்பதுதான் முதல் வரி. அப்புறம் கேட்டவை: வகுப்பு கீழ்த்தளத்தில் இருக்கட்டும், தரையில் உட்கார வைக்க வேண்டாம், ஒரு பீரியட் முடிந்தால் எழுந்து நடக்கட்டும், காலையில் தாமதமானால் வெளியே நிறுத்த வேண்டாம், விளையாட்டு நேரத்தில் எவ்வளவு ஆடுவது என்பதை அவளே சொல்லட்டும், பரீட்சையில் எழுதக் கூடுதல் நேரம் வேண்டும். டாக்டர் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். மேல்வகுப்புப் பிள்ளையிடம் பழைய பாடப்புத்தகம் வாங்கி வீட்டில் ஒரு செட் வைத்துக்கொண்டால் பையின் பாரம் பாதியாகும்.

வலிக்காத ஒன்றையும் மறக்காதீர்கள். இந்த நோய் சில பிள்ளைகளுக்குக் கண்ணுக்குள் அழற்சி உண்டாக்கும். பெரும்பாலும் சிவக்காது, நோகாது, சத்தமில்லாமல் பார்வையைக் குறைக்கும். டாக்டர் சொல்லும் இடைவெளியில், எங்களுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை, கண் டாக்டர் விளக்குக் கருவியால் கண்ணுக்குள் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் பரிசோதனை கட்டாயம். காய்ச்சலோடு ஒரே மூட்டு மட்டும் செக்கச்செவேலென்று சிவந்து தொடவே முடியாவிட்டாலோ, மருந்து சாப்பிடும்போது காய்ச்சல் வந்தாலோ, அம்மை போட்டவர் பக்கத்தில் இருந்திருந்தாலோ, மலம் கருப்பாகப் போனாலோ விடியும்வரை காத்திருக்காமல் கிளம்புங்கள்.

வயதுக்கேற்ப ஒவ்வொரு வேலையாகப் பிள்ளையிடம் விட்டுக்கொடுங்கள். 5 வயதில் கொட்டை எண்ணினாள். 8 வயதில் நோட்டை அவளே எழுதினாள், எழுத்து கோணலாக இருந்தால் அன்று விரல் வலி என்று எனக்குத் தெரிந்துவிடும். 11 வயதில் டவலைத் தானே பிழிய ஆரம்பித்தாள். போன முறை வேலூரில் அவள் டாக்டர் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால் சுவரோரம் நின்றேன். நோட்டைப் பிரித்து வைத்து, காலை விறைப்பு 10 நிமிஷம்தான் என்றாள். அப்புறம், ஊசியை இனிமேல் நானே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். நர்ஸ் அவள் கையில் ஒரு காலி சிரிஞ்சைக் கொடுத்து, ஒரு ஆரஞ்சுப் பழத்தை மேசையில் வைத்தார்.